கட்டியங்காரன் எந்தப் பாரதத்தில் வருகிறான்?

செய்யாற்றங்கரை:
ஊரில் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்து நடந்தது. பத்து ராத்திரியில் மூன்றுக்குத்தான் லீவு கிடைத்தது. பகடை துகில் (சூதில் தோற்றுத் திரௌபதியின் சேலையை உரியும் கதை) அன்றைக்குப் பையனையும் கூட்டிப் போனேன், ஒன்பது வயது. பாரதக் கதையைக் கார்ட்டூனில் பார்த்து பார்த்து நகுலன் எது சகாதேவன் எது என்றுகூடச் சொல்லிவிடுவான். கூத்தின் கோமாளி கட்டியங்காரன் உள்ளே வந்து ஒரு சுற்று ஆடி, முன்வரிசையில் இருந்த பெரியவரின் துண்டைப் பிடித்து இழுத்துக் கலாட்டா பண்ணிவிட்டுப் பேச ஆரம்பித்ததும் என் காதில் கேட்டான்: "அப்பா, இவர் பாண்டவரா கௌரவரா?"

எனக்குப் பதில் வரவில்லை. துரியோதனன் வரும்போது அவனுக்கு வாயில்காப்போன். கொஞ்ச நேரம் கழித்துத் திரௌபதியிடம் சேதி கொண்டு போகிறவன். நடுவில் நம் ஊர்க்காரன், ரேஷன் கடையில் சர்க்கரை எடை குறைகிறது என்று அஸ்தினாபுரத்தில் நின்றுகொண்டு குறை சொல்கிறான். வியாசர் பாரதத்தில் இவன் இல்லை, வில்லிபுத்தூரார் பாரதத்திலும் இல்லை. ஆனால் இவன் இல்லாமல் ஒரு ராத்திரிகூடக் கூத்து நகராது.

இந்த மாதிரி ஆள் வேறு எங்கெல்லாம் இருக்கிறான்? தெரிந்தவர்கள் எழுதுங்கள். பையனுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

ஏடும்எழுத்தும்:
கட்டியங்காரன் சீவக சிந்தாமணியில் வருகிறானே ஐயா! சச்சந்தன் நம்பி நாட்டை ஒப்படைத்த அமைச்சன், அவனையே கொன்று அரியணை ஏறியவன். கோமாளி இல்லை, சரியான வில்லன்.

செய்யாற்றங்கரை:
அது வேறு ஆள் சார், பெயர்ப் பொருத்தம்தான். கூத்தில் வருகிறவன் கட்டியம் கூறுகிறவன். "இன்னார் வருகிறார் பராக்" என்று அரசனுக்கு முன்னால் சொல்லிக்கொண்டு வரும் சேவகன். கோயில்களில் சாமி புறப்பாட்டுக்கு இன்றைக்கும் கட்டியம் சொல்கிறார்களே, அதே கட்டியம். அரசனைப் புகழ்வதற்காக வைத்த ஆள் எப்படி அரசனைக் கிண்டல் பண்ணுகிற ஆளாக ஆனான் என்பதும் யோசிக்க வேண்டிய விஷயம்தான்.

நாஞ்சில்நிழல்:
எங்கள் பக்கம் தோற்பாவைக் கூத்தில் இவனுக்கு இரண்டு உருவம், உச்சிக்குடும்பன், உளுவத்தலையன். சின்ன வயதில் ராமன் வந்தால் தூங்குவோம், இவன்கள் வந்தால் எழுந்து உட்காருவோம். ராம கதையில் எங்கே சந்து கிடைத்தாலும் நுழைந்துவிடுவார்கள். ராவணன் சபையாக இருந்தாலும் சரி, அயோத்தியாக இருந்தாலும் சரி. சண்டை போடுவார்கள், ஒருவனை ஒருவன் அடிப்பார்கள், அப்புறம் திரையில் ஒட்டிக்கொண்டு இன்றைய விலைவாசி பேசுவார்கள்.

கவனித்த ஒன்றைச் சொல்கிறேன். ராமன் பொம்மை பெரியது, ஜரிகை மாதிரி ஓட்டை ஓட்டையாக நகை வேலை செய்திருக்கும், ஆனால் அசைவு குறைவு. உச்சிக்குடும்பனுக்குக் கையும் காலும் தனித்தனியாக ஆடும். ராமனை மெதுவாகத் திரையில் வைத்து வசனத்தைக் கணீர் என்று சொல்கிற அதே கலைஞர், இவன் வந்ததும் கால் பலகையைத் தடதடவென்று மிதிப்பார். குரல், பாட்டு, காலடி எல்லாம் ஒரே ஆள்தான், பொம்மை எடுத்துக் கொடுக்க வீட்டு ஆட்கள் இருப்பார்கள். இந்தக் கலைஞர்களின் வீட்டு மொழி மராத்தி என்பது இன்னொரு சுவாரசியம்.

ஆந்திரத் தோல்பொம்மையில் ஜுட்டுப் போலிகாடு, அவன் பெண்டாட்டி பங்காரக்கா, நடுவில் புகுந்து வம்பு பண்ணக் கேதிகாடு. கன்னடத்தில் கில்லேக்யாத. அங்கே அந்தக் கோமாளிப் பொம்மையின் பெயரே பொம்மை ஆட்டுகிற சாதிக்குப் பெயராகிவிட்டது, கில்லேக்யாதர் என்றுதான் சொல்கிறார்கள். ராமன் கதையைத் தலைமுறை தலைமுறையாகச் சொன்ன ஆட்களுக்கு ஊர் ராமன் பெயரை வைக்கவில்லை பாருங்கள்.

நேர்ப்பேச்சு:
இதில் என்ன பெரிய ரகசியம் இருக்கிறது? எட்டு மணி நேரம் ஜனங்கள் தரையில் உட்கார்ந்திருக்க வேண்டும். தூக்கம் வரும். இரண்டு மணிக்கு ஒருவன் வந்து கெட்ட வார்த்தை பேசினால் விழித்துக்கொள்வார்கள். உள்ளே கர்ணனுக்கு வேஷம் கட்டி முடியவில்லை என்றால் வெளியே அரை மணி நேரம் ஓட்ட ஒரு ஆள் வேண்டும். அவ்வளவுதான். சினிமாவில் தனி காமெடி டிராக் வைத்த மாதிரி. எல்லாவற்றுக்கும் தத்துவம் தேடாதீர்கள்.

செய்யாற்றங்கரை:
வேஷம் கட்டி முடியவில்லை என்பது நூற்றுக்கு நூறு உண்மை, நானே உள்ளே போய்ப் பார்த்திருக்கிறேன். கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் எல்லாம் கட்டை வேலை, இறுக்கிக் கட்ட நேரம் ஆகும். கட்டியங்காரனுக்கு அந்தச் சுமையே இல்லை, முகத்தில் ரெண்டு கோடு, தலையில் ஒரு குல்லா, முடிந்தது. ஆனால் நேரம் ஓட்டுகிறவன் என்றால் நல்ல வேஷக்காரர்கள் வந்ததும் உள்ளே போய்விட வேண்டுமே. இவன் போவதில்லை. துரியோதனன் திரைக்குப் பின்னால் நின்று பாடும்போது, முன்னால் நின்று "நீ யார், எந்த ஊர், அப்பன் பேர் என்ன" என்று கேட்கிறவனே இவன்தான். கேள்வியை இவன் கேட்டால்தான் ராஜாவுக்குத் தன் பெருமையைச் சொல்ல வாய் கிடைக்கிறது.

ஏழுபேர்:
சுவையான இழை. என் பங்குக்கு ஒன்று. ருஷ்ய அறிஞர் ப்ராப் 1928-இல் மாயக் கதைகளைப் பிரித்துப் போட்டு, எத்தனை கதை இருந்தாலும் அதில் வருவது ஏழே ஏழு வகை ஆட்கள்தான் என்று சொன்னார். வில்லன், பரிசோ மந்திரப் பொருளோ கொடுப்பவர், துணைவன், இளவரசியும் அவள் தகப்பனும், நாயகனை வேலைக்கு அனுப்புகிறவர், நாயகன், போலி நாயகன். நான் இந்த ஏழில் கட்டியங்காரனை எங்கே வைப்பது என்று பல தடவை முயன்று பார்த்திருக்கிறேன். எதிலும் உட்கார மாட்டேன் என்கிறான். துணைவன் என்று சொல்லலாமா என்றால், இவன் யாருக்கும் துணை இல்லை, துரியோதனனுக்கும் குடை பிடிக்கிறான் தருமனுக்கும் குடை பிடிக்கிறான்.

ஏன் உட்காரவில்லை என்றால், ப்ராப் பிரித்தது கதையை. இவன் கதையில் இல்லை, கதை சொல்லும் இடத்தில் இருக்கிறான். வீட்டுக்கு வாசல்படி எந்த அறையிலும் சேராத மாதிரி. உங்கள் பையன் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில் என்று நினைக்கிறேன், ஒன்பது வயதுக்கு எப்படிச் சொல்வது என்பது உங்கள் பாடு!

தேத்தண்ணிக்கடை:
தெனாலிராமன், பீர்பால், மரியாதைராமன், முல்லா இவர்களை ஏன் யாரும் சொல்லவில்லை? அதே வகைதானே, ராஜாவையே மடக்குகிறவர்கள்.

ஏழுபேர்:
எனக்கு அப்படித் தோன்றவில்லை. தெனாலிராமன் கதைக்கு உள்ளே இருக்கிறான், அவனே நாயகன், கடைசியில் அவன்தான் ஜெயிப்பான். கதை முடியும்போது கிருஷ்ணதேவராயர் சிரித்துப் பொற்காசு கொடுப்பார். கட்டியங்காரன் எப்போது ஜெயித்தான்? அடி வாங்குவான், அதட்டு வாங்குவான், பசிக்கிறது என்று புலம்புவான். முல்லா மட்டும் கொஞ்சம் இழுபறி, பாதிக் கதையில் அறிவாளி பாதிக் கதையில் அசடு.

பினாங்குப்பித்தன்:
வணக்கம் அண்ணன்மார்களே, மலேசியாவிலிருந்து. உங்கள் ஆள் கடல் தாண்டியும் இருக்கிறான், அதுவும் பெரிய ஆளாக.

கிளந்தானில் வாயாங் கூலிட், நிழல் பொம்மலாட்டம். கதை ராமாயணம், ராமனுக்கு அங்கே ஸ்ரீ ராமா, ராவணனுக்கு ராவானா. அதில் பாக் டோகோல், வாக் லோங் என்று இரண்டு கோமாளிகள், தொப்பையும் வழுக்கையுமாக. பாக் டோகோல் ராமனுக்கு வேலைக்காரன். ஆனால் உண்மையில் பெரிய தெய்வம், வேலைக்காரன் வேடத்தில் பூமிக்கு வந்திருக்கிறது என்பது நம்பிக்கை. டாலாங் (பொம்மை ஆட்டுகிறவர்) அந்தப் பொம்மையைக் கையாளுகிற விதத்திலேயே மரியாதை தெரியும். ராமன் பொம்மைக்குக்கூட அவ்வளவு இல்லை என்று எனக்குத் தோன்றியது.

ஜாவாவில் இது இன்னும் அதிகம். செமார், அவன் பிள்ளைகள் கரேங், பெத்ருக், பாகோங். இவர்கள் பாண்டவர் பக்கத்து வேலைக்காரர்கள், முக்கியமாக அர்ச்சுனனுக்கும் அபிமன்யுவுக்கும். செமாரைப் பார்த்தால் ஆணா பெண்ணா, கிழவனா குழந்தையா என்று சொல்ல முடியாது. வாய் சிரிக்கும், கண்ணில் தண்ணீர் நிற்கும். உச்சியில் ஒரு சின்னக் குடுமி, நாஞ்சில் அண்ணன் சொன்ன உச்சிக்குடும்பன் நினைவுக்கு வந்தான். காற்றுப் பிரிப்பதே அவனுக்கு ஆயுதம், சொன்னால் சிரிப்பீர்கள், அதற்கு அரக்கர்களே ஓடுவார்கள். அவனும் சாதாரண ஆள் இல்லை, இஸ்மாயா என்ற தெய்வம், பத்தாரா குரு என்று அவர்கள் சொல்கிற சிவனுக்கே அண்ணன். சிவன் ஏதாவது தப்புப் பண்ணினால் மேலே போய் அதட்டிவிட்டு வருவான். கீழே வந்து அர்ச்சுனனுக்குக் காவடித் தூக்காத குறையாக மூட்டை தூக்குவான்.

ராத்திரி முழுக்க நடக்கிற ஆட்டத்தில் நடுச்சாமத்து வாக்கில் காரா-காரா என்று ஒரு கட்டம். உலகமே குலுங்குகிறது, எரிமலை, கடல் கொந்தளிப்பு என்று டாலாங் வருணித்து முடிப்பார், திரையில் யார் வருவார் என்று பார்த்தால் இந்தப் பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டு வருவார்கள். நேர்ப்பேச்சு அண்ணன் சொன்ன தூக்கம் கலைக்கிற வேலையும் அதில் நடக்கிறது, நான் மறுக்கவில்லை. தூக்கம் கலைக்க வந்தவனை ஏன் சிவனுக்கு அண்ணன் ஆக்கினார்கள் என்பதுதான் கேள்வி.

நேர்ப்பேச்சு:
சரி, சிவனுக்கு அண்ணன் என்பது கொஞ்சம் இடிக்கிறது. ஒப்புக்கொள்கிறேன்.

மட்டுநகர்வாவி:
எங்கட பக்கத்தையும் சொல்ல வேணும். மட்டக்களப்பில் வடமோடி, தென்மோடி எண்ட இரண்டு கூத்து வகையிலும் கட்டியகாரன் வருவான் (நாங்கள் "ங்" இல்லாமல்தான் சொல்லுவம்). வட்டக்களரியில் (வட்டமான ஆடுகளம்) கூத்துப் பழக்குற அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்பார், முதலில் கட்டியகாரன் வரவு, அரசன் கொலுவுக்கு வாறார் சபையை ஒழுங்கு பண்ணுங்கோ எண்டு சொல்லுவான். சொல்லி முடிஞ்சால் அவன்ட வேலை முடிஞ்சுது. நீங்கள் சொல்லுற மாதிரி விடிய விடிய நிண்டு பகிடி விடுகிறவன் இல்லை. அதனால் செய்யாற்று அண்ணை கேட்ட "புகழ வந்தவன் எப்படிக் கிண்டல் பண்ணத் தொடங்கினான்" எண்ட கேள்விக்கு, புகழுறதோட நிண்ட கட்டியகாரனைப் பார்க்க வேணுமெண்டால் எங்கட ஊருக்கு வாங்கோ.

செய்யாற்றங்கரை:
அண்ணே, இது எனக்குப் புதுச் செய்தி. ஒரே பெயர், ஒரே வேலையில் தொடங்கி, ஒருவன் அங்கேயே நின்றுவிட்டான், ஒருவன் ராத்திரி முழுக்க ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டான்.

மருதோன்றி:
ரொம்ப நேரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எல்லாரும் அவனைத் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறீர்கள், அதனால் ஒரு பெண் எழுத வேண்டியிருக்கிறது.

எங்கள் ஊர் புதுக்கோட்டைப் பக்கம். ஸ்பெஷல் நாடகம்தான் எங்களுக்கு. திருவிழாவுக்கு வள்ளி திருமணம் போடுவார்கள். பத்து மணிக்குத் தொடங்கினால் முதலில் முருகனும் வரமாட்டார் வள்ளியும் வரமாட்டாள், பபூன்தான் வருவார். தனியாக ஒரு பேச்சு, அப்புறம் டான்ஸ்காரப் பெண்ணோடு வம்பு. அவரும் வள்ளி கதையில் இல்லாத ஆள்தான், நீங்கள் சொல்கிற வாசல்படி ஆள். அதிகாரத்தைக் கிண்டல் பண்ணுகிறவன் என்று இங்கே எழுதியிருக்கிறீர்களே, நான் இருபது வருஷமாகப் பார்த்ததில் பஞ்சாயத்துத் தலைவரைப் பற்றி ஒரு வரி, கறுப்பாக இருக்கிற பெண்ணைப் பற்றி, மாமியாரைப் பற்றி, ஓடிப்போனவளைப் பற்றி ஐம்பது வரி. தலைவருக்கு மேடையிலேயே மாலை போடுவார்கள். பெண்கள் பக்கம் உட்கார்ந்திருக்கிற எங்களுக்கு, சிரிக்கவும் கூடாது, எழுந்து போகவும் கூடாது. சிரித்தால் எவனாவது திரும்பிப் பார்ப்பான்.

டான்ஸ்காரப் பெண் திருப்பிக் கொடுப்பாள், அதையும் சொல்ல வேண்டும். ஒத்திகையே கிடையாது, வெவ்வேறு ஊரிலிருந்து பஸ் ஏறி வந்து மேடையில்தான் சந்திப்பார்கள், அப்படியும் அவன் ஒரு வரி பாடினால் அவள் அதே மெட்டில் அவனை மூக்கறுப்பாள். எனக்குப் பிடித்த பகுதி அதுதான். ஆனால் விடிந்ததும் பபூனைக் கடைத்தெருவில் நிறுத்தி "நல்லா பேசுனீங்கண்ணே" என்பார்கள். அவளைப் பற்றி என்ன பேசுவார்கள் என்று நான் எழுத வேண்டியதில்லை.

நாஞ்சில்நிழல்:
உண்மைதான் அக்கா. எங்கள் பொம்மைகளிலும் அப்படித்தான். பங்காரக்காவை அடிக்கிற காட்சிக்குத்தான் பெரிய சிரிப்பு வரும் என்று ஆந்திர நண்பர் சொல்வார்.

தேத்தண்ணிக்கடை:
அக்கா சொல்வது சரி, ஆனால் அந்தக் காலத்து நகைச்சுவையை இந்தக் காலத்துத் தராசில்…

மருதோன்றி:
தம்பி, நான் சொன்னது போன சித்திரையில் பார்த்தது. எந்தக் காலம்?

கூத்தம்பலம்:
பாலக்காட்டில் வேலை பார்க்கிறேன், அதனால் கேரளக் கதை ஒன்று, பிறகு காளிதாசன்.

சாக்கியார் கூத்தில் (ஒரே ஆள் கதை சொல்லும் கோயில் கலை) சாக்கியார் எதிரில் இருக்கிறவரை என்ன கிண்டல் பண்ணினாலும் பதில் பேசக்கூடாது, ராஜாவாக இருந்தாலும். மலையாளக் கவிஞர் குஞ்சன் நம்பியார் அதற்கு மிழாவு (பெரிய முழவு) வாசிக்கும்போது தூங்கிவிட்டார், சாக்கியார் சபையில் வைத்து வாரிவிட்டார், அந்த ரோஷத்தில்தான் மறுநாளே துள்ளல் என்று புதுக் கலையையே உண்டாக்கினார் என்று ஒரு கதை சொல்வார்கள். கதையாகவே வைத்துக்கொள்ளுங்கள். கூடியாட்டத்தில் (கேரளத்துச் சமஸ்கிருத நாடகம்) விதூஷகன், அதாவது நாயகனின் கோமாளித் தோழன், நாயகனின் சமஸ்கிருதச் செய்யுளை எடுத்து மலையாளத்தில் விளக்குவான், கூடவே அதே செய்யுளுக்குக் கேலிச் செய்யுளும் சொல்வான். நாயகன் காதலியின் கண்ணைப் பாடினால் இவன் பொரித்த அப்பளத்தைப் பாடுகிற ரகம். பாலித் தீவின் நிழற்கூத்திலும் இதே ஏற்பாடுதான். அரசர்கள் பழைய காவி மொழி பேசுவார்கள், துவாலென், மெர்தா என்ற வேலைக்காரர்கள் அதைப் பாலி மொழியில் ஊராருக்குச் சொல்வார்கள். எதிர்க்கட்சிக்கும் தெலெம், சங்குத் என்று இரண்டு பேர் தனியாக உண்டு.

காளிதாசனுக்கு வருகிறேன். சாகுந்தலத்தில் துஷ்யந்தனுக்கு மாடவ்யன் என்று ஒரு விதூஷகன். பிராமணன்தான், ஆனால் நாடகத்தில் பேசுவது பிராகிருதம். இரண்டாம் அங்கத்தின் கடைசியில் ராஜா அவனை ஊருக்கு அனுப்பிவிடுகிறான். அனுப்பும்போது, இவன் அந்தப்புரத்தில் உளறிவிடுவானோ என்று பயந்து, சகுந்தலையைப் பற்றி நான் சொன்னதெல்லாம் விளையாட்டுக்கு, நம்பிவிடாதே என்று சொல்லி அனுப்புகிறான். அப்புறம் சாபம், மறதி. சகுந்தலை வயிற்றில் பிள்ளையோடு சபையில் வந்து நிற்கிறாள், ராஜாவுக்கு நினைவில்லை. அரண்மனையில் கதை தெரிந்த ஒரே ஆள் மாடவ்யன், அவனைக் காளிதாசன் அந்த அங்கத்தின் தொடக்கத்திலேயே வேறு ராணியைச் சமாதானம் செய்ய அனுப்பிவிட்டான்! ஆறாம் அங்கத்தில் ராஜா அழும்போது மாடவ்யன் சொல்கிறான், விளையாட்டு என்று நீதானே சொன்னாய், களிமண் மூளைக்காரன் நானும் நம்பிவிட்டேன் என்று.

ஷேக்ஸ்பியரின் லியர் மன்னன் நாடகத்திலும் ராஜாவின் கோமாளி மூன்றாம் அங்கத்திலேயே காணாமல் போகிறான், எங்கே போனான் என்று நாடகம் சொல்வதே இல்லை. அதற்குப் பிறகுதான் க்ளாஸ்டர் பிரபுவின் கண்ணைப் பிடுங்குவதும், லியர் மகளின் பிணத்தைத் தூக்கி வருவதும்.

எனக்குத் தோன்றுவது இது. எழுதிய நாடகக்காரர்களுக்குக் கோமாளி இருக்கும் வரை பெரிய துக்கத்தை உள்ளே விட முடியவில்லை. அவனை வாசலுக்கு வெளியே அனுப்பிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறார்கள். செய்யாற்று நண்பருக்கு ஒரு கேள்வி: துகில் உரியும்போது உங்கள் கட்டியங்காரன் எங்கே இருக்கிறான்?

ஏழுபேர்:
அருமையான கேள்வி. நானும் காத்திருக்கிறேன்.

செய்யாற்றங்கரை:
ரெண்டு நாள் யோசித்து எழுதுகிறேன், அன்றைக்கு நான் எதைப் பார்த்தேன் என்று எனக்கே ஓட்டிப் பார்க்க வேண்டியிருந்தது.

அதற்கு முன் மருதோன்றி அக்காவுக்கு. நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு அன்றைக்கு அவன் அடித்த ஜோக்குகளை எண்ணிப் பார்த்தேன். ரேஷன் கடை ஒன்று. மீதி நீங்கள் சொன்ன வகைதான், நானும் சிரித்திருக்கிறேன்.

சரி, துகில். துச்சாதனன் திரௌபதியின் கூந்தலைப் பிடித்து இழுத்து வருகிற வரைக்கும் கட்டியங்காரன் வாய் ஓயவில்லை. "அண்ணே, மெதுவா, கால் தடுக்கும்" என்கிறான், சிரிப்பு வருகிறது, பயமாகவும் இருக்கிறது. சேலையில் கை வைக்கிற இடம் வந்ததும் துச்சாதனன் நின்றான். வேஷத்தோடு கோயிலைப் பார்த்துக் கும்பிட்டான், தாயே பொறுத்துக்கொள் என்று. ஆர்மோனியம் நின்றது. அப்போது தட்டில் கற்பூரம் ஏற்றிக் கொண்டுவந்தது யார் என்றால், கட்டியங்காரன். குல்லாவைக் கழற்றி இடுப்பில் செருகியிருந்தான். பெண்கள் எழுந்து நின்றார்கள், ஒரு அம்மாவுக்குச் சாமி வந்தது. அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. தட்டைத் திரௌபதி வேஷக்காரருக்குக் காட்டினான், துச்சாதனனுக்குக் காட்டினான், அப்புறம் கூட்டத்துக்குள் வந்தான். வெளியே அனுப்பவில்லை கூத்தம்பலம் சார், அங்கேயேதான் இருந்தான்.

பையன் என் மடியில் இருந்தான், கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். கட்டியங்காரன் அவனைப் பார்த்துச் சின்னதாகக் கண்ணடித்த மாதிரி இருந்தது, எனக்குத் தப்பாகவும் தெரிந்திருக்கலாம்.

அப்புறம் சேலை இழுத்து, வளர்ந்து, திரௌபதி சபதம் சொல்லி முடித்ததும், அவன் குல்லாவை மாட்டிக்கொண்டு மைக்கைப் பிடித்தான். "மேலத்தெரு மளிகைக்கடை அண்ணன் திரௌபதியம்மாளுக்கு அன்பளிப்பு ரூபாய் நூற்றியொன்று!" கையில் நோட்டைத் தூக்கிக் காட்டினான். விரித்த கூந்தலோடு திரௌபதி கும்பிட்டு வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வரும் வழியில் பையன், "அவர் நம்ம ஊர்க்காரர்தானேப்பா" என்றான். "இல்லைடா, பத்து கிலோமீட்டர் தள்ளி" என்றேன்.

நேர்ப்பேச்சு:
அடுத்த வருஷம் துகில் தேதி தெரிந்தால் இங்கே போடுங்கள் சார். கர்ண மோட்சத்துக்கும் வரலாம் என்றிருக்கிறேன்.

மருதோன்றி:
பெண்கள் பக்கம் இடம் பிடித்து வைத்தால் நானும் வருகிறேன்.